மஞ்சள் பட்டை

அப்பாவுக்கு இளமதி எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகம்தானே? முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் எழுதி, தங்கச்சி காவ்யா செல்லுக்கு அனுப்புகிறேன்.

மகாராஷ்டிரக் காட்டில் நாங்கள் வளர்த்துப் பறக்கவிட்ட பிணந்தின்னிக் கழுகு ஒன்று நம் ஆலங்குடிப் பக்கம் வந்திருக்கிறது. யாரோ போட்டோ அனுப்பினார்கள். இறக்கையில் மஞ்சள் பட்டை, அதில் நம்பர். நான் கட்டியதுதான். கட்டும்போது கையைக் கொத்திவிட்டது, பயப்படாதீர்கள், ஆறிவிட்டது. ஊருக்கு வர எனக்குக் கிடைக்காத லீவு அந்தக் கழுகுக்குக் கிடைத்துவிட்டதே என்று நேற்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் காவ்யா பேசினாள். "செவலைப் பசு செத்துப்போச்சுக்கா. வலியில கெடந்து துடிச்சதைப் பாக்க மாட்டாம அப்பாதான் வலிக்கு ஊசி போடச் சொன்னாங்க. இப்பப் பொட்டல்ல கொண்டுபோய்ப் போடப்போறாங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க, நீயே எழுது" என்றாள்.

அப்பா, போடாதீர்கள். நீங்கள் இரக்கப்பட்டுத்தான் செய்தீர்கள். ஆனால் அந்த வலி ஊசி மருந்து மாட்டின் உடம்பிலேயே தங்கியிருக்கும். தின்கிற கழுகு பிழைக்காது. செவலையை ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டால், இப்போதே ஆள் கூட்டிப்போய் மூடுங்கள். சாப்பாடு அப்புறம் ஆகட்டும்.

முடிந்தால் வறுத்த முந்திரி கொஞ்சம் அனுப்புங்கள். ஜீப் வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

கழுகு நம் கிணற்றடிப் பனையில் வந்து உட்கார்ந்தால் காவ்யாவைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் நம் வீடும் தெரிகிற மாதிரி எடுக்கட்டும்.

இளமதி