நீதிபதிகள் எத்தனை பேர்

ஜூலை 16, புதன்

விடாத மழை. சயான் ஸ்டேஷனில் தண்ணீர் ஏறித் தண்டவாளம் தெரியவில்லை. துணி ஒன்றும் காயவில்லை.

தமிழ் மன்றத்துச் சுடலைமுத்து அண்ணாச்சி போன். "டீச்சரம்மா, ஞாயித்துக்கெழம பட்டிமன்றம். உச்ச நீதிமன்றத்துல இத்தன நீதிபதிதாம்னு திருத்தம் கொண்டாந்து அரசியல் சட்டத்துலயே எழுதிரணுமா, வேண்டாமா? நீங்க எழுதணுங்கிற கட்சி."

சரி என்றேன். ரிட்டயர் ஆன பிறகு யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

குறிப்பு எடுத்தேன். இப்போது பார்லிமெண்ட் சாதாரணச் சட்டம் போட்டே எண்ணிக்கையைக் கூட்டலாம். தீர்ப்பு பிடிக்காத அரசு தன் ஆட்களை நிரப்பினால்? திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். சுலபத்தில் கை வைக்க முடியாது. நல்ல வாதம்.

அதற்கு மேல் எழுத ஓடவில்லை. டிராம்பே கம்பெனி என் வீட்டுக்காரரை வேலையை விட்டு நீக்கியது. ஹைகோர்ட்டில் ஜெயித்தார். கம்பெனி டெல்லிக்கு அப்பீல் போனது. போன வருடம் அவர் தவறிவிட்டார். வழக்கில் இப்போது வாரிசு என்று என் பெயர். நீதிபதிகள் இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் தீர்ப்பைத் தன் காதால் கேட்டிருப்பாரோ என்னவோ.

ஐரோலியில் இருக்கும் மகன் செந்திலுக்கு போன். ஞாயிறு வருவாயா? "ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கும்மா. தேக்தா ஹூம்." பார்க்கிறானாம்.

ஒரு ஆளுக்கு உலை வைக்கக் கை இன்னும் பழகவில்லை. இன்றும் சோறு மிச்சம்.

ஜூலை 20, ஞாயிறு

மழையில் பாதி நாற்காலி காலி. எதிர்க்கட்சி மாட்டுங்கா விஸ்வநாதன் சார், பேங்கில் இருந்தவர். "கேஸ் மலையாக் குவிஞ்சு கெடக்கு. ஜட்ஜ் எண்ணிக்கையைக் கட்டிப் போட்டுட்டா ஜனங்கள் எங்கே போவா?" நல்ல கைதட்டல். என் கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

எழுந்தேன். ஆள் குறைந்தால் தீர்ப்பு தாமதமாகும், வேண்டியவர்களைத் திணித்தால் தீர்ப்பே கெட்டுப்போகும் என்றேன். கூட்ட வேண்டுமா, எல்லாக் கட்சியும் சேர்ந்து கூட்டட்டும். பிறகு காத்திருப்பதைப் பற்றி ஏதோ பேசினேன். எழுதி வைத்தது அல்ல.

என் கட்சிக்கே தீர்ப்பு. சால்வை போட்டார்கள்.

செந்தில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஈரச் சேலையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்ததை யாரிடம் சொல்ல.

ஜூலை 21, திங்கள்

டெல்லி வக்கீலிடமிருந்து மெசேஜ். இன்று பெஞ்ச் கூடவில்லை. வழக்கு ஒத்திவைப்பு. அடுத்த தேதி பிறகு.

நேற்று பேசியது தப்பில்லை. ஆனாலும் அழுகை வந்தது.

சாயங்காலம் செந்தில் போன். அண்ணாச்சி வீடியோ அனுப்பினாராம். "அந்த சட்டத் திருத்தமெல்லாம் பாதி புரியலம்மா." பிறகு அவனே சொன்னான்:

"ஸ்டேஜ்ல, 'ஆறுமுகம் கடைசி வரைக்கும் காத்திருந்தாரு'ன்னு சொன்னீங்க. அப்பா பேர நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல."

"சொன்னேனா?"

"ரெண்டு தடவ."