மண் போட்டு மூடிய நெருப்பு

8.2.85, வெள்ளி

நல்ல பனி. ஏழு மணிக்கே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. சாரணர் பையன்கள் பதினெட்டு, கூடாரம் மூன்று, அரிசி மூட்டை, வாளி நான்கு. கூடாரக் கம்புகளைப் பார்த்துக் கண்டக்டர் முகத்தைச் சுளித்தான். இறங்கி ஏரிக்கரை வழியே இரண்டு மைல் நடை. டிரில் மாஸ்டர் என்று பேர், எனக்கே மூச்சு வாங்கியது. புது ஷூ கடி.

அய்யனார் கோயில் எதிரே திடல். இடம் கொடுத்தவர் ஊர்ப் பெரியதனக்காரர் கோவிந்தசாமி. நல்ல மரியாதை, இளநீர். எனக்கு எந்த ஊர் என்றார். வளவனூர் என்றேன். வளவனூரில் எந்தப் பக்கம் என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று சொல்லிவிட்டு முளை அடிக்கப் போய்விட்டேன். பத்து வருஷமாக எல்லோருக்கும் இதே பதில்தான்.

விறகு கொண்டு வந்தது அஞ்சலை. காலனி. முப்பது வயது இருக்கும். இப்போது நெல் அறுப்பு, விடிந்தால் வயலுக்குப் போய்விடுவாளாம். தலையில் சவுக்குக் கட்டு. திடல் ஓரத்துப் புளியமரம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கோயிலும் ஊர்த்தெருவும் தாண்டும் வரை காலனிக்காரர்களுக்குச் செருப்பு கையில்தான். எங்கள் ஊரில் அம்மாவும் அப்படித்தான் நடந்தாள்.

நான் ஷூவோடு நின்றுகொண்டிருந்தேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

9.2.85, சனி

பகலில் முடிச்சு, முதலுதவி. சாம்பாரில் உப்பு அதிகம். ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு.

மாலை கேம்ப் ஃபயர் பாடம். பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டது:

கூடாரத்திலிருந்து இருபது அடி தள்ளி. காற்று பார்த்து.
சருகு, புல் சுரண்டி எடுத்து, சுற்றிக் கல் வட்டம்.
அடியில் காய்ந்த மல்லாட்டை (வேர்க்கடலை) கொடி, மேலே சுள்ளி, அப்புறம்தான் சவுக்கு. மண்ணெண்ணெய் கூடவே கூடாது.
பக்கத்தில் நான்கு வாளித் தண்ணீர்.
முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறு. மறுபடி ஊற்று. புறங்கையால் தொட்டுப் பார். சுட்டால் அணையவில்லை.

ஆறரைக்குப் பற்றவைத்தோம். ஒரே குச்சியில் பிடித்தது. பாட்டு, கோமாளிக் கூத்து. ஒன்பதாவது படிக்கிறவன் கணக்கு வாத்தியார் மாதிரி நடந்து காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தேன். எப்போது இப்படிச் சிரித்தேன் என்று ஞாபகமே இல்லை. அஞ்சலை புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்ச விறகை எடுத்துக்கொள், காலையில் வா என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

முடிந்து வாளியைத் தூக்கினேன். பெரியதனக்காரர் கையைப் பிடித்தார்.

“அய்யனார் எதிர்ல எரிஞ்ச நெருப்பு சார். தண்ணி ஊத்தி சாவடிக்கக் கூடாது. மண்ணைத் தள்ளி மூடிடுங்க, தானா அவிஞ்சிடும்.”

மண்ணுக்குள் கங்கு விடிய விடிய இருக்கும். எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் நீ யார், எந்தப் பக்கம் என்று வரும். வாளியைக் கீழே வைத்தேன். பையன்கள் என்னையே பார்த்தார்கள். மூடச் சொன்னேன்.

துப்புரவு முறை இருந்த அணிப் பையன்கள் கல்லை எல்லாம் அப்புறப்படுத்தி, மண்ணைத் தட்டி, தென்னை விளக்குமாற்றால் பெருக்கிவிட்டார்கள். வந்த இடம் வந்தபடி இருக்க வேண்டும் என்பது சாரணர் ஒழுங்கு. நெருப்பு எரிந்த இடமே தெரியவில்லை. அந்த அணிக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

10.2.85, ஞாயிறு

ஆறு மணி. அரை இருட்டு. சத்தம் கேட்டு ஓடினேன்.

அஞ்சலை. விறகுக்கு வந்தவள். திடலைக் குறுக்கே தாண்டியிருக்கிறாள். வலது கால் கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. மண்ணுக்கடியில் இன்னும் சிவப்பு. விழுந்தும் இடது கையில் செருப்பை விடவில்லை.

நான்கு வாளித் தண்ணீரும் வைத்த இடத்தில் நிறைந்து இருந்தது. அதைத்தான் அவள் காலில் ஊற்றினோம்.

மாட்டு வண்டி, அப்புறம் பஸ், திண்டிவனம் ஆஸ்பத்திரி. வழியில் அவள் அழவே இல்லை. அறுப்பு இன்னும் பத்து நாள் இருக்கு சார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கூடாரம் பிரித்தார்களா தெரியவில்லை. பையன்கள் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

11.2.85, திங்கள்

சாப்பிடவில்லை. வெயில்.

டாக்டர் சொன்னது: உள்ளங்கால் ஆழமாக வெந்திருக்கிறது. இரண்டு விரல் எடுக்க வேண்டியிருக்கலாம். இந்த வருஷம் வயலில் இறங்க முடியாது.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் பேசினார். ரிப்போர்ட்டை அவரே எழுதி டைப் அடித்து வைத்திருந்தார். ‘செருப்பு அணியாமல் கவனக்குறைவாக நடந்து வந்ததால் நேர்ந்த விபத்து.’

“காலில செருப்பு இல்லைங்கறது உண்மைதானே சார்? கையெழுத்துப் போடுங்க. பையன்களுக்கு அடுத்த வருஷம் கேம்ப் வேணாமா?”

உண்மைதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வீட்டில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். பையில் இருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை.

13.2.85, புதன்

வகுப்பு எடுக்கவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி.

பெண்கள் வார்டு, கடைசிக் கட்டில். விரல் இரண்டும் எடுத்தாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு, ஜோடியாக. புதுசு மாதிரியே இருந்தது. காலில் இருந்த நேரம் குறைவு, தேயவில்லை.

தப்பு என்னுடையது என்றேன். தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும், தெரிந்தும் மண் போட்டேன் என்றேன். அவள் சாத்துக்குடியை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, எனக்கு எந்த ஊர் என்று கேட்டாள். வளவனூர்.

“வளவனூர்ல எந்தப் பக்கம் சார்?”

“காலனி” என்றேன். திண்டிவனத்துக்கு வந்து பத்து வருஷத்தில் முதல் தடவை.

அவள் என் ஷூவைப் பார்த்தாள்.

“அப்ப, செருப்பை ஏன் கையில வச்சிக்கினு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்.”

தெரியும் என்றேன்.

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீடு. ரிப்போர்ட்டை எடுத்து த.ஆ. எழுதிய வரியை அடித்தேன். ‘மண் போட்டு மூடச் சொன்னவன் நான். செருப்பு அவள் கையில் இருந்தது’ என்று எழுதினேன். ஏன் கையில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். அதற்கு நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்தைக் கீழே போட்டுவிட்டேன்.