மூன்று நாள் கஞ்சி

வெள்ளிமலை
8.1.2025

அன்புள்ள தம்பி வீரமணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம், இங்கே குளிர்தான் ஆளைக் கொல்கிறது. மூங்கில்துறைப்பட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கரும்பு அரவை தொடங்கியதிலிருந்து ஆலைக்குள் நீ போனே எடுப்பதில்லை என்று அம்மா குறைப்பட்டாள். எனக்கு டவர் கிடைப்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கிடைத்து வீட்டுக்குப் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி முழுத் தெருவையும் கேட்க வைக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆயா போய், அப்பா தாயில்லாப் பிள்ளையாகி, நாற்பது நாள் ஆகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவள் குரல் காதிலேயே கேட்டது. "ஏண்டி மாரியாத்தா, மழ எங்கடி? கண்ணு அவிஞ்சி பூடுச்சா ஒனுக்கு?" என்று திட்டிவிட்டு, அடுத்த நொடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு திருநீறு பூசுவாளே! எனக்குச் சிரிப்பு வந்தது. அழவில்லையடா, நிஜமாகத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ராசு வீட்டிலிருந்து வந்து, என்னைப் பெண் கேட்டு அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். ராசுவை உனக்குத் தெரியும். பிரசவ வலி என்று ஆள் வந்தால், மழையோ மூடுபனியோ, ஜீப்பை எடுத்துக்கொண்டு என்னோடு வருகிறவர். அப்பாவுக்கு அவர் மலைக்காரர் என்பதுதான் தடை. ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. "நான் இன்னா சொல்றது, அம்மன் சொல்லட்டும். தை மூணாம் வெள்ளி பூ கேட்டுடலாம்" என்று முடித்துவிட்டார்.

ஒரு பூவரச இலைப் பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. எடுத்தது வெள்ளை என்றால் உத்தரவு, சிவப்பு என்றால் இல்லை. அப்பாவுக்குச் சிவப்பு வந்தால் அதோடு பேச்சு முடிந்தது, உனக்கே தெரியும். ஆயா இருந்தவரை அவள்தான் பொட்டலம் கட்டுவாள். எனக்கு ஒருநாளும் சிவப்பு வந்ததில்லை. நான் நர்ஸ் படிப்புக்குப் போக அப்பா ஒத்துக்கொள்ளாதபோது கேட்டதும் வெள்ளைதான். அம்மன் மனமிரங்கியதற்காக ஆயா மூன்று நாள் சோறு தொடாமல் வெறும் கஞ்சியில் இருந்தாளே, நினைவிருக்கிறதா?

இப்போது எனக்காக யார் கஞ்சி குடிப்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

உன் அக்கா,
சுபஸ்ரீ


மூங்கில்துறைப்பட்டு
13.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. சாப்பிடுகிறேன். அறையில் உடன் இருக்கிறவன் வைக்கும் சாம்பாரையும் சாம்பார் என்று சொல்லித்தான் சாப்பிடுகிறேன். நாளை பொங்கல், எனக்கு வேலை. சட்டையைத் துவைத்தாலும் கரும்புப்பால் வாசனை போக மாட்டேன் என்கிறது.

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொல்லக் கூடாது என்பது ஆயாவின் கட்டளை.

உன் படிப்புக்குப் பூ கேட்ட அன்று பொட்டலம் எடுத்தது நான். எனக்குப் பன்னிரண்டு வயது. எடுத்ததைப் பிரித்தோம், வெள்ளை. மற்றதைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும், அப்படியே கிணற்றில் போட வேண்டும் என்பதுதானே வழக்கம்? போட்டேன். தண்ணீரில் விழுந்ததும் இலை விரிந்துவிட்டது. அதிலும் வெள்ளரளி மிதந்தது.

திரும்பினால் பின்னால் ஆயா. என் காதைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கே இழுத்துப்போய், கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் வாங்கினாள். "நான் கீற வரிக்கும் யாருகிட்டியும் மூச்சு வுடக்கூடாது." நான் அழுதுகொண்டே, "சாமிய ஏமாத்தலாமா ஆயா?" என்று கேட்டேன். அவள் சொன்னது இன்றும் மறக்கவில்லை. "சாமி எனுக்கு முன்னாடியே சொல்லிடுச்சிடா. ஒங்கப்பன் காதுலதான் ஏற மாட்டேங்குது. நான் சொன்னா கேப்பானா? அதான் அவ பேர்ல சொல்றேன். ஆனா பொய்யி பொய்யிதான். பொய் சொன்ன வாய்க்கி மூணு நாளு சோறு கெடையாது."

அக்கா, அந்தக் கஞ்சி நன்றிக்கு இல்லை. தண்டனைக்கு.

நான் ஐ.டி.ஐ. சேர்ந்தபோதும் இரண்டிலும் வெள்ளை. அப்பா நம் லட்சுமிப் பசுவை விற்கப் பார்த்தாரே, அன்று இரண்டிலும் சிவப்பு. ஒவ்வொரு முறையும் மூன்று நாள் கஞ்சி. எழுபத்தைந்து வயதில், கரும்பு வெட்டிவிட்டு வந்தும் கஞ்சி.

அவள் இல்லை, சத்தியமும் முடிந்தது. கோபப்படாதே.

தம்பி,
வீரமணி


வெள்ளிமலை
18.1.2025

அன்புள்ள வீரமணிக்கு,

கோபம்தான். முதலில் உன்மேல், பிறகு ஆயாமேல். இரண்டு நாள் அவள் படத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

உனக்கு ஒன்று தெரியாது. இங்கே குழந்தை தலை திரும்பாமல் நின்று, பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது எனக்கும் உள்ளே உதறும். அப்போது, "சுபஸ்ரீ, இது அம்மன் உத்தரவு கொடுத்த கை" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பத்து வருஷமாக அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அது வெறும் ஆயாவின் சூது என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

இதை எழுதி அப்படியே வைத்துவிட்டேன். நேற்று சின்னப்பொண்ணு என்று ஒருத்திக்குத் தலைப்பிரசவம். அம்மனைக் கூப்பிட வாய் வரவில்லை. ஆயாவின் கஞ்சிக் கிண்ணம்தான் கண்முன் வந்தது. நான் வெள்ளைப் புடவை கட்டி நர்ஸாக வேண்டும் என்பதற்காக ஒருத்தி மூன்று நாள் பசித்துக் கிடந்திருக்கிறாள். அதைவிட என்ன உத்தரவு வேண்டும் எனக்கு? பெண் குழந்தை, மூன்று கிலோ. நன்றாக அழுதது.

படத்தை நேராகத் திருப்பிவிட்டேன். கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

இனி ராசு விஷயம். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். தை மூணாம் வெள்ளிக்கு நீ வந்து பொட்டலம் கட்டுவாயா? இரண்டிலும் எது இருக்க வேண்டும் என்று நான் எழுதத் தேவையில்லை.

அக்கா,
சுபஸ்ரீ


மூங்கில்துறைப்பட்டு
23.1.2025

அன்புள்ள அக்கா,

வருகிறேன். மூணாம் வெள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். பூவரச இலை கோயில் பக்கமே கிடைக்கும், வெள்ளரளிக்கு நம் கொல்லை. அப்பாவிடம், "ஆயாவுக்கு அப்புறம் பொட்டலம் கட்டற வேல என்னிதுதான்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "சரிடா" என்றார்.

மூன்று நாள் கஞ்சியும் என் கணக்கு. ஆனால் கரும்பு கடித்தால் விரதம் முறியுமா என்று ஆயாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். அதுதான் கவலை.

ராசு மாமாவைக் கேட்டதாகச் சொல். மாமா என்று எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த முடியாது.

தம்பி,
வீரமணி


வெள்ளிமலை
3.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

வர முடியாததற்கு நீ பட்ட வருத்தமெல்லாம் போதும். கரும்பு டிராக்டர் ரோட்டில் கவிழ்ந்து பஸ் நின்றால் நீ என்ன செய்வாய்? நீ போனில் அழுத அழுகை அம்மாவுக்கே கேட்டது. நல்லவேளை, ஸ்பீக்கரில் இல்லை.

அன்று நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். நம் வடக்கனந்தல் கோயிலில் உனக்காக ஒன்பது மணிவரை பார்த்தோம். பூசாரி அவசரப்படுத்தினார். "நானே கட்டறேன்" என்று அப்பா எழுந்தார். என் உயிர் என்னிடம் இல்லை. கூடையில் வெள்ளையும் சிவப்பும் இருந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவர் அம்மனுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், அடடா! பொட்டலம் எடுக்க நீ இல்லை, அதனால் அம்மாதான் எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளை.

அம்மா அழுதாள். நானும்தான். அப்பா மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார். வந்து, "அம்மன் சொல்லிட்டா. அந்தப் பையன வரச் சொல்லு, நாளு பாக்கலாம்" என்றார். நான் நிஜமாகவே நம்பினேன். இந்த முறை சூது இல்லை, உண்மையிலேயே அம்மன் கொடுத்தது என்று சொல்லிச் சொல்லி ஆனந்தப்பட்டேன்.

அன்று மதியம் அம்மா வடை, பாயாசத்தோடு இலை போட்டாள். அப்பா உட்காரவில்லை. "வயிறு சரியில்ல கமலா, கஞ்சி இருந்தா ஊத்து."

சனிக்கிழமை பெரியம்மாள் அத்தை கோழிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அப்பா கோழியை வேண்டாம் என்று சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை ராசு வீட்டார் வந்து, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அப்பா நின்று பரிமாறினார். மாப்பிள்ளைக்குத் தன் கையாலேயே மீன் எடுத்து வைத்தார். பிறகு அடுப்படிக்கு வந்து, ஆயாவின் கிண்ணத்தைத் தேடி எடுத்து, அதில் கஞ்சி ஊற்றிக் குடித்தார். நான் அம்மி மேல் கை வைத்தபடி நின்று பார்த்தேன்.

அந்தக் கஞ்சி எதற்கு என்று அவருக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ, தம்பி! நம் படிப்புக்கெல்லாம், அந்தப் பசுவுக்கெல்லாம், தெரிந்தே தோற்றுக்கொண்டிருந்தாரோ என்னவோ.

இன்று காலை பஸ் ஏறுவதற்கு முன் நானே சோறு வடித்தேன். நேற்றைய மீன் குழம்பு, சுண்ட வைத்தது. மூன்று நாள்தான் முடிந்துவிட்டதே என்று தட்டு நிறையப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்டுவிடாதே.

உன் அக்கா,
சுபஸ்ரீ