இடது கை தூக்கிய அண்ணனுக்கு

என் அண்ணனுக்கு, நீ பாப்பா என்றே கூப்பிட்டு வளர்த்த தங்கச்சி எழுதுவது.

சான்றிதழ் வந்துவிட்டது அண்ணே. பல்கலைக்கழக முத்திரை போட்ட கெட்டித் தாளில் என் பெயரும் அப்பா பெயரும் பிழையில்லாமல் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்க இனி எனக்குத் தகுதி உண்டு. மதினி அதை உன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைக்கப் போனார். பதறிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். கடைசியில் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தேன். உன் முன்னால் இப்போது இருப்பது அந்த ஜெராக்ஸ்தான், கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. செய்முறைத் தேர்வு அன்று நடந்ததை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. அது உன்னிடம் சொல்ல வேண்டியது.

நினைவிருக்கிறதா? பி.எட். சேர்ந்த புதிதில் தினமும் காலையில் உன் லோடு வண்டியில்தான் மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். அங்கிருந்து மதுரைக்குப் பஸ். ஒருநாள் வழியில் உன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னாய். அதிகாரி வகுப்பைப் பார்க்க வரும்போது எல்லாரும் கை தூக்க வேண்டுமாம். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கைகளை மட்டும்தான் கேட்பார்.

"மூணு வருசம் எடது கையத்தான் தூக்கினேன் பாப்பா. ஒரு தடவகூட மாட்டல" என்று சிரித்தாய். அப்புறம் கியரை மாற்றிக்கொண்டே, "மாட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாய்.

ஒன்பதாம் வகுப்போடு நீ குவாரிக்குக் கல் ஏற்றப் போனதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் வருடத் தேர்வுக்கு முன்னால் நீ போய்விட்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மதினிதான் என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "ஓங்க அண்ணே வண்டிய நிப்பாட்டிட்டாக. நீயும் நிப்பாட்டிராத" என்றார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட நான் லீவு போடவில்லை. உன் மேல் கோபமும் இருந்தது. பாதி ரெக்கார்டு நோட்டுகளை அந்தக் கோபத்தில்தான் எழுதி முடித்தேன்.

இரண்டாம் வருடப் பயிற்சிக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்தார்கள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து, நாங்கள் பாடம் நடத்துவதைப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. அங்கே எனக்கு வழிகாட்டிய டீச்சர் நல்ல மனுஷி. முந்தின நாள் அக்கறையாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். என்ன யோசனை என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை அண்ணே. வகுப்புக்குப் போய், தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை என்று பிள்ளைகளுக்கு நானே இரண்டு தடவை ஒத்திகை வைத்தேன். உன் கதையைக் கேட்ட பிறகும் செய்தேன். பயம் அப்படி.

மறுநாள் சமன்பாடு பாடம். சார்ட்டைத் தொங்கவிட்டு முதல் கேள்வியைக் கேட்டதும் அத்தனை கைகளும் எழுந்தன. மூன்றாவது பெஞ்சில் சுகன்யா என்ற பிள்ளை இடது கையை விறைப்பாகத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாட்டமாட்டோம் என்ற நிம்மதி. எனக்கு உன் லோடு வண்டிச் சத்தம் காதில் கேட்டது. அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

எழுந்து திருதிருவென்று விழித்தாள். "டீச்சர், நான் எடது கையத்தான தூக்குனேன்?" என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுதுவதை நிறுத்தினார்.

நான் அவள் பக்கத்தில் போய், எந்த இடத்தில் புரியவில்லை, அதை மட்டும் சொல் என்றேன். பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "கூட்டல் அந்தப் பக்கம் போனா ஏன் டீச்சர் கழித்தலா மாறுது?"

நீயும் இதைத்தான் கேட்டிருப்பாயோ? வலது கை தூக்கிய பிள்ளைகளும் பதில் தெரியாமல் என்னையே பார்த்தார்கள். சார்ட்டைக் கழற்றிவிட்டு, பலகையில் ஒரு தராசு வரைந்தேன். இரண்டு தட்டிலும் ஒரே அளவு எடுத்தால் தராசு சாயாது, அங்கிருந்து ஆரம்பித்தேன். மணி அடித்தபோது நான் எழுதிவைத்திருந்த பாடக்குறிப்பில் பாதிகூட முடியவில்லை. ஆனால் கடைசிக் கணக்கைச் சுகன்யா பலகைக்கு வந்து தானே போட்டாள்.

தேர்வாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இடது கை என்றால் என்ன என்று கேட்டார். நேற்று நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். டீச்சர் பேரை இழுக்கவில்லை.

"பின்ன ஏம்மா அந்தப் பிள்ளையவே கேட்டீங்க?"

"எங்க அண்ணன யாரும் கேக்கல சார்."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். செய்முறையில் எங்கள் குழுவிலேயே குறைந்த மதிப்பெண் எனக்குத்தான். ஆனால் தேறிவிட்டேன். அரசுப் பள்ளிக்குப் போக டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு இன்னும் பாக்கி இருக்கிறது. எழுதுவேன். விழுந்தால் மறுபடியும் எழுதுவேன்.

திங்கட்கிழமை மேலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்கிறேன். எந்த வகுப்பு வேண்டும் என்றார்கள், ஒன்பதாம் வகுப்பைக் கேட்டு வாங்கினேன். நீ எழுந்து போன இடம் அதுதானே?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எந்தக் கையைத் தூக்கினாலும், தூக்காமல் முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாலும், நான் தேடி வந்து கேட்பேன். தெரியாது என்று சொன்ன பிறகும் விடமாட்டேன். என் வகுப்பில் நீ தப்பிக்க முடியாது அண்ணே, கட்டாயம் மாட்டுவாய்.

பள்ளிக்கூடம் போயிட்டு வாரேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர்