மூன்று வெள்ளி இருபத்தெட்டு காசு

சுவா தோட்டம்,
வியாழக்கிழமை.

அன்புப் பேரன் புனிதனுக்குப் பாட்டி முத்தாயி எழுதுவது. வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். வீட்டுச் சேதியை ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன்.

உன் அத்தை மகன் லோகேஷ் பினாங்கில் பொறியாளர். கம்பெனியே கார் கொடுத்திருக்கிறது. மந்தினில் அவன் அம்மாவுக்கு மாடி வீடு வாங்கிக் கொடுத்துவிட்டான். அவன் தங்கை இந்துமதி எஸ்டிபிஎம் தேர்வில் நான்கு பாடத்திலும் ஏ. இந்தத் தோட்டத்தில் அப்படி யாரும் எடுத்ததில்லை. ஆபீஸ் கிராணி வீட்டம்மாவே வந்து, "முத்தாயி, உங்க வீட்டுத் தண்ணிய எங்க பிள்ளைக்கும் ஒரு போத்தல் குடுங்க" என்றார். உன் தங்கை ரோகினி கோலா பிலாவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். வாத்தியார் மாப்பிள்ளை. தை மாதம் கல்யாணம்.

எனக்குப் பேரன் பேத்திகள் மூன்று பேர் என்று ஊரில் சொல்கிறேன். நான்கு என்று சொல்லி ஆறு வருஷம் ஆகிறது.

உன்னைக் கேட்டால் கப்பலில் வேலை என்பேன். போன மாதம் கடைக்காரி குமுதவல்லி சாமான் கட்டிக்கொண்டே, "எந்தக் கப்பல் அக்கா அது, ஆறு வருஷமா கரையே தட்டல?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மீதிக் காசை எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். தோட்டத்துத் தபாலெல்லாம் அவள் கடைப் பெட்டிக்குத்தான் வரும், வருகிறவன் போகிறவன் எல்லாம் உறையைத் திருப்பிப் பார்ப்பான். அதனால்தான் உன் கடிதங்களை மந்தினில் அத்தை வீட்டு விலாசத்துக்குப் போடச் சொன்னேன். கடிதம் தொலைந்துவிடும் என்று உன்னிடம் சொன்னது பொய்.

குசினிக் கதவின் பின்பக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எண் படித்ததே அதில்தான். சிங்கப்பூர்க் காசின் விலையை மாதாமாதம் பென்சிலால் எழுதி வைப்பேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கோலா பிலா கடையில் எந்த நாட்டு நோட்டைக் கொடுத்தாலும் ஒன்றுதான், ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி. எனக்குப் பதினாறு வயதானபோது இரண்டையும் பிரித்தார்கள். உன் அப்பா சந்திரன் அந்தப் பக்கம் வேலைக்குப் போன வருஷம் இரண்டு வெள்ளி இருபத்துநான்கு காசு. நீ ஐந்தாம் படிவம் முடித்தபோது இரண்டு எண்பது. நீயும் அங்கே வேலைக்குப் போனபோது மூன்று. விலை ஏற ஏற எனக்குச் சந்தோஷம். நம் காசு இறங்குகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ரோகினியின் நர்ஸ் படிப்புக்கு முதல் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டி வந்தது. நீ லீவில் வந்திருந்தாய். என் காதுத் தோட்டை அடகு வைக்கக் கேட்டாய். நான் கதவைக் காட்டி, "அந்தப் பக்கம் மூணு மடங்கு கொட்டுது, இங்க வந்து கிழவி காதுல கை வைக்கிறியா?" என்றேன். உன் அம்மா புஷ்பவள்ளியும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பத்து நாள் கழித்து எல்லைச் சாவடியில் உன்னைப் போதைப் பொட்டலத்தோடு பிடித்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உனக்கு ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளி என்று கோர்ட்டில் வாசித்தார்களாம். ஐந்நூறு எதற்கு என்று யாரும் கணக்குப் போடவில்லை. நான் போட்டேன்.

அடுத்த வாரமே அந்தத் தோட்டை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டினேன். அரை மணி நேர வேலை. ரோகினிக்கு இது எதுவும் தெரியாது.

தூக்குக்கு நாள் குறித்து உன் அம்மாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை. அப்பாவும் அம்மாவும் நாளைக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் கைச்செலவுக்கு நேற்று சிரம்பானுக்குப் போய்ப் பணம் மாற்றினேன். இத்தனை வருஷம் அந்தக் காசைக் கொடுத்து நம் காசை வாங்கியவள், முதல் தடவையாக நம் காசைக் கொடுத்து அந்தக் காசை வாங்கினேன். ஒன்றுக்கு மூன்று வெள்ளி இருபத்தெட்டு காசு. தொள்ளாயிரத்து எண்பத்துநான்கைக் கொடுத்து முந்நூறை வாங்கினேன். கடைப் பையன், "என்ன பாட்டி, சிங்கப்பூர்ல ஷாப்பிங்கா?" என்றான். பேரனைப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "குடுத்து வச்சவங்க லா" என்றான். இந்த விலையைக் கதவில் எழுதவில்லை.

உன் அம்மா என்னையும் கூப்பிட்டாள். முழங்கால் வலி என்றேன். அதே முழங்காலோடு சிரம்பான் வரை போய் வந்தவள்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு எழுதத்தான் கொஞ்சம் வரும்.

இன்னும் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று சுவரில் இருந்த உன் பள்ளிக்கூடப் படத்தைக் கழற்றினேன். கழற்று என்று யாரும் சொல்லவில்லை. குசினிக்கு வெளியே மறைத்து வைத்தேன். மழைத் தண்ணீர் ஏறி உன் முகம் போய்விட்டது. சட்டைக் காலர் மட்டும் இருக்கிறது. ஆணி சுவரிலேயே நிற்கிறது.

புதன்கிழமைக்கு முன்னால் நல்ல சட்டை போட்டுவிட்டு உன்னை அங்கே படம் எடுப்பார்களாம், அம்மா சொன்னாள். இந்தக் கடிதத்தோடு நீல நிறச் சட்டையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். காலர் பதினைந்தரை. மெலிந்திருந்தால் உள்ளே பனியன் போட்டுக்கொள். மாரியம்மன் உன் பக்கத்தில் நிற்கட்டும், நான் நிற்காத இடத்தில்.

அந்தப் படத்தை அம்மாவிடம் கையில் கொடுத்து அனுப்பாதே. உறையில் என் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் உன் கையால் எழுது. பின்பக்கம் உன் பெயரையும் நீ இருக்கும் இடத்தின் பெயரையும் பெரிதாக எழுது. அங்கிருந்தே அம்மாவைத் தபாலில் போடச் சொல். குமுதவல்லி கடைப் பெட்டிக்கு வரட்டும். கடையில் ஆள் நிறைந்த நேரம் பார்த்துப் போய் நானே வாங்கிக்கொள்கிறேன். அந்தப் புதுப் படத்தை எனக்கு அனுப்பு, சாமி.

உன் பாட்டி,
முத்தாயி