இந்திராணிக்குக் கேட்ட இரைச்சல்

12.8.2008, ஹட் பே, லிட்டில் அந்தமான்

ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் கப்பல் வரவில்லை. கரண்ட் இல்லாததற்கு ஊரே பவர் ஹவுஸுக்கு வந்து என்னைத்தான் ஏசுகிறது. வீட்டுக்கு வந்தால் மனைவி இந்திராணி காதில் கடல் இரைகிறது என்கிறாள். கரையை விட்டு மேட்டில் வீடு கிடைத்தும் இதே பேச்சு. தகரக் கொட்டகை முகாமில் தொடங்கியது, இரண்டு வருஷமாயிற்று. சுனாமிக்குப் பிறகு இங்கே யாருக்குத்தான் கேட்கவில்லை? முகாமுக்குக் கவுன்சலிங் செய்ய வந்த அம்மாவும் பயம்தான் என்றார். இனி அந்தப் பேச்சே கூடாது என்று அதட்டிவிட்டேன்.

13.8.2008

சோற்றை மூடி வைத்துவிட்டு எனக்கு முன்பே படுத்துவிட்டாள்.

2.11.2008

இந்திராணி தலை வாரும்போது சீப்புப் பட்டு ரத்தம் கொட்டியது. சுனாமியன்று கூரைச் சட்டம் விழுந்து தையல் போட்ட இடம். எலுமிச்சம்பழ அளவு வீக்கம். ஒரு வருஷமாக இருக்கிறதாம். நான் பார்க்கவே இல்லையா? பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் துண்டால் அழுத்திப் பிடித்து நிறுத்தினாள்.

3.11.2008

கடைத்தெருக் கம்பவுண்டர் கொழுப்புக்கட்டி என்று கீறப் பார்த்தார். இந்திராணி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

9.11.2008, போர்ட் பிளேர்

டாக்டர் பாலசுப்பிரமணியம் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். வீக்கத்தில் என் விரலை வைக்கச் சொன்னார். துடிக்கிறது. ரத்தம் கொண்டுவரும் குழாயும் கொண்டுபோகும் குழாயும், நடுவே சன்னக் குழாய்கள் இல்லாமல் நேராக ஒட்டிப் பின்னி வளர்ந்திருக்கின்றனவாம். அடிபட்டதால் வந்திருக்கலாம். கீறியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

பிறகு ஸ்டெதஸ்கோப்பை அவள் தலையில் வைத்து, மறுமுனையை என் காதில் மாட்டினார்.

கேட்டது. அலை மாதிரியே, ஓயாமல்.

ஐயோ. இதை வைச்சுக்கிட்டா சமைச்சா, தூங்குனா, என்கிட்ட திட்டும் வாங்குனா?

இந்திராணி என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம்தான் கேட்டாள்: "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா, சார்?"

21.1.2009, சென்னை

தொடை வழியாக ட்யூப் விட்டுப் படம் எடுத்தார்கள். நாளை அதே வழியில் பசை போன்ற மருந்தைச் செலுத்தி ரத்தம் வரும் பாதையை அடைப்பார்கள். மறுநாள் வீக்கத்தை வெட்டி எடுப்பார்கள். மொட்டையடித்த தலையில் நரம்புகள் புழுப்போல நெளிகின்றன. பயமாக இருக்கிறது.

23.1.2009

ஏழு மணி நேரம். பிழைத்துவிட்டாள்.

27.1.2009

தொடைத் தோலை எடுத்துத் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே முடி முளைக்காது. இரைச்சல் இருக்கிறதா என்றேன். இல்லை என்று கையசைத்தாள். மன்னித்துவிடு என்றேன். அவள் நர்ஸைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

4.3.2009

அவள் அக்கா தமிழரசி வீட்டில் தங்கியிருக்கிறோம். ஊர் திரும்பக் கப்பலில் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். காலையில் இந்திராணி, "நீங்க போங்க. நான் அக்காகிட்டயே இருந்துக்குறேன்" என்றாள்.

தலைக்காயம் ஆறும் வரைதானே என்று கேட்டேன்.

"தலை ஆறிருச்சு."

5.3.2009

ஒரு டிக்கெட்டை ரத்து செய்தேன். படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர் அவசரப்படுத்தினார். மனைவிக்கு உடல்நலமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.