புகைமூட்டத்தில் கேட்ட குரல்

இன்று காலை சமையலறைச் சன்னலைத் திறந்ததும் புகை வாசனை உள்ளே வந்தது. கீழ்வீட்டில் எதையோ தீயவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் எதிர் பிளாட்டின் மேல்மாடிகள் காணாமல் போயிருப்பதைப் பார்த்தேன். மலை இல்லை, பாலம் இல்லை. சுமத்ரா பக்கம் மறுபடியும் காட்டை எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பினாங்குத் தீவில் நம் ஜெலுத்தோங் முழுவதும் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் கிடக்கிறது. சாலையில் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் மட்டும் கேட்கிறது, வண்டிகள் தெரியவில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பள்ளி அலுவலகத்தில் பதினோரு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். கட்டண ரசீதும் விடுப்புக் கடிதமும் தவிர நமக்கு வேறு உலகம் இல்லை. நாற்பத்தோரு வயதில் உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. உன் தம்பி வேலை பார்த்த கடற்கரை ஹோட்டலில் எந்த வெள்ளைக்காரனோ ஓர் அலைச்சறுக்குப் பலகையை விட்டுப் போயிருந்தான். ஸ்டோரில் கிடந்ததை உன் வீட்டுக்காரரின் நாசி கண்டார் சோற்றுக்கடை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய்.

"எனக்கு ஒன்னு கெடைச்சிருச்சு. ஒனக்கு ஒன்னு தேடணும்லா" என்றாய் திங்கட்கிழமை காலையில்.

"பினாங்குல ஏதுடி அலை? தட்டுல ஊத்துன தண்ணி மாதிரி கெடக்கு."

"வருசத்துல பத்து மாசம் தூங்கும். ரெண்டு மாசம் எந்திரிக்கும். நாமளும் அப்படித்தானே?"

செப்டம்பர் வந்தால் நீ மேசை நாட்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பாய். எனக்கும் ஒரு பழைய பலகை தேடிப் பிடித்துவிட்டாய். சனிக்கிழமை விடியலில் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போவோம். தலை முதல் கால் வரை மூடிய கறுப்பு நீச்சலுடையில் நீ. பழைய டி-சட்டையும் விளையாட்டுக் கால்சட்டையுமாக நான், கழுத்தில் சிலுவை. ஜெட்ஸ்கி வாடகைக்கு விடுகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். சவாரிக் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆள் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இளநீர்க் கடை மக்சிக், அந்த மலாய் அத்தை, மட்டும் சிரிக்கவில்லை. நம் செருப்புகளையும் கைப்பைகளையும் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஜெல்லி மீன் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லி அனுப்புவாள். இரண்டாம் வருடம் நீ முதல்முறை முழுதாக எழுந்து நின்றாய். நாலு விநாடி இருக்கும். அதற்குள் கரையைப் பார்த்து என் பேரைச் சொல்லிக் கத்தினாய். நம்மைப் பார்த்துச் சிரித்த அதே ஆள்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் அந்தக் காலைக்கு வந்தாக வேண்டும்.

அன்றும் இதே புகை. நீ முகம் வீங்கி வந்தாய். என் காடியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னாய்: "காலையிலேயே அவரோட சண்டை. கடலே கதின்னு கெடக்குறியே, அங்கேயே போய் இருந்துக்கன்னுட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். "பசியாறக்கூட இல்ல. கரைக்கு வந்ததும் ரொட்டி சானாய் வாங்கிக் குடு."

கரையில் நின்றபோது ஹோட்டல் கட்டடம் மங்கலாகத் தெரிந்தது. இறங்கலாம் என்றாய், இறங்கினோம். அலை நன்றாக இருந்தது. நாலைந்து அலை பிடித்தோம். பிறகு, யாரோ கதவைச் சாத்தியது போல, கட்டடம் மறைந்தது. மரங்கள் மறைந்தன. உன்னையும் என்னையும் சுற்றி ஒரு சிறிய சாம்பல் நிற அறை மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. எனக்குத் தலை சுற்றியது.

அப்போதுதான் நீ நிமிர்ந்தாய்.

"கேக்குதா? யாரோ கூப்புடுறாங்க."

கடல் பக்கமாகக் கை காட்டினாய்.

"ஒன்னும் கேக்கல" என்றேன்.

"நல்லா கேளுடி."

"எனக்கு ஒன்னும் கேக்கல. வா, கரைக்குப் போயிரலாம்."

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "நீ போ. நான் பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டு போனாய். ஐந்தாறு துழாவலில் உன் கறுப்பு முதுகு சாம்பலுக்குள் போய்விட்டது. நான் கரை என்று நினைத்த பக்கம் திரும்பி, அழுதுகொண்டே வந்து சேர்ந்தேன். ஜெட்ஸ்கிக்காரர்கள் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். மீட்புப் படகு வந்தபோது உச்சி வெயில் நேரம். வெயில்தான் இல்லை.

மூன்றாம் நாள் மீனவர்கள் உன்னைக் கொண்டுவந்தார்கள். உன் பலகை அதற்கு முந்தின நாளே கிடைத்தது, தெலுக் பஹாங் போகும் வழியில், பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன மணல்திட்டில். அலை எட்டாத உயரத்தில், ஒரு பாறையின் மேல் நிமிர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. காலில் கட்டும் கயிறு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. கடல் எதையும் நிமிர்த்தி வைக்காது. அதைப் பார்த்த ஜெட்ஸ்கிக்காரர்கள் ஒரு வாரம் தண்ணீரில் இறங்கவில்லை. மக்சிக் அந்தத் திட்டில் பூ வைத்துவிட்டு வந்தாள்.

போலீசில் என்னைக் கேட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவளுக்கு அப்படித் தோன்றியது என்று எழுதிக் கொடுத்தேன். காணாமல் போனதாக வேறு எவரைப் பற்றியும் புகார் இல்லை. உன் வீட்டுக்காரர் ஏழாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் என்னை வாசலுக்கு அழைத்தார்.

"நெசமா யாரும் கூப்புடலயா தங்கச்சி?"

"இல்லண்ணே."

தலையை ஆட்டினார். அந்த ஆட்டலின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அங்கேயே போய் இருந்துக்க என்று தான் சொன்னதால் நீ போய்விட்டாய் என்று அந்த நிமிடம் முடிவு செய்துகொண்டார். அதற்கப்புறம் கல்லாவில் உட்காரவில்லை. உள்ளே, பாத்திரம் கழுவும் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார் என்று உன் மகள் சொன்னாள்.

எனக்கும் கேட்டது. நீ நிமிர்வதற்கு முன்பே கேட்டது. வார்த்தை இல்லை, நீளமான ஓர் 'ஓ'. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஒரு தடவை தூரத்தில், அடுத்த தடவை என் முழங்காலுக்குப் பக்கத்தில். மூழ்கிவிடுவேன் என்று நான் பயப்படவில்லை. போனால் அங்கே என்ன இருக்குமோ என்றுதான் பயந்தேன். அதனால் உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்றே நினைக்கிறேன். அதனால்தான் என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனாய்.

போன மாதம் மக்சிக் போன் செய்தாள். ஓர் ஆள் மூன்று சனிக்கிழமையாக வந்து, "அந்த இந்தியக்காரப் பெண்ணின் சிநேகிதி" எங்கே என்று கேட்கிறான் என்றாள். போனேன். ஐம்பது வயதிருக்கும், மியான்மார்க்காரர். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில் ஒரு மரச்சாமான் பட்டறையில் இருக்கிறாராம். ஒரு பை நிறைய டுக்குப் பழம் கொண்டுவந்திருந்தார். என் கண்ணைப் பார்க்காமல் மலாயில் பேசினார்.

அப்போது அவர் கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளில் வேலை செய்திருக்கிறார். விடியலில் தனியாகப் போனபோது சின்னப் படகு கவிழ்ந்துவிட்டது. ஒரு நீல நிறப் பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். புகைக்குள்ளிருந்து நீ வந்தாய். அவரைப் பலகையில் ஏற்றினாய். உன் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்து அவர் காலில் கட்டினாய். பின்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு, மலாயில் "காயோ, காயோ" என்றாய். துடுப்புப் போடு, துடுப்புப் போடு. பாறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அலை வந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை.

"ரொம்ப நேரம் தேடினேன் அக்கா. அப்புறம் அந்தப் பலகையைத் தரையில் போட மனம் வரவில்லை" என்றார். ஆவணங்கள் இல்லாத ஆள். போலீசுக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள் என்று அன்றே தீவை விட்டுப் பெருநிலத்துக்கு ஓடிவிட்டார். இத்தனை நாள் கழித்துத்தான் திரும்பி வரத் துணிவு வந்ததாம்.

அங்கிருந்து நேராக உன் கடைக்குப் போனேன். மதியக் கூட்டம். பின்கட்டில் உன் வீட்டுக்காரர் முன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப அவ போகணும்னு போகல."

"இல்லண்ணே. ஒரு ஆளக் கூட்டிட்டு வரப் போனா."

குழாயை மூடினார். முகத்தை ஈரக் கையால் துடைத்தார். பிறகு கேட்டார்: "ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

வெளியே யாரோ மீன் தலைக்கறி கேட்டுக் கத்தினார்கள்.

"நீயும் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அதுக்கு ஒன்ன ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வருசம் தங்கச்சி. ரெண்டு வருசம்."

அவ்வளவுதான் சொன்னார். இப்போது கல்லாவில் உட்காருகிறாராம். வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஆளுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிறாராம். என்னோடு பேசுவதில்லை. பேசுவார் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்று கிளம்பும்போது அந்த மியான்மார்க்காரரிடம் கேட்டேன்: "நீங்கள் எவ்வளவு நேரம் கூப்பிட்டீர்கள்?"

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கூப்பிடவில்லை அக்கா. வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். தொண்டை அடைத்துவிட்டது. சத்தமே வரவில்லை. எப்படி வந்தீர்கள் என்று உங்கள் சிநேகிதியிடம் கேட்க நினைத்தேன், அதற்கும் குரல் இல்லை."

வேறு யாராவது இருந்தார்களா என்றேன். இல்லை, தான் தனி ஆள் என்றார்.

இதை உன் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? இப்போதுதான் ஒரு விடை கிடைத்து மனுஷர் தூங்குகிறார். மாதா கோயில் பூசைக்குப் போகும்போதும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த 'ஓ' என் காதில் அப்படியே இருக்கிறது, தேயாமல். யாருடையது என்று தெரியாத அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாம் இருவர்தான். நீ அதற்குப் பதில் சொல்லப் போனாய். நான் இன்னும் சொல்லவில்லை.